குழலைக் கழற்றத் தெரிந்த பட்டறை: கிருஷ்ணகிரியில் ஒரு .22 ரைஃபிள் பழுதுபார்ப்பு

பாலக்கோட்டில் எங்கள் வீட்டில், தந்தையாருக்குப் பின் முறைப்படி என் பெயரில் உரிமம் பெற்ற .22 போல்ட் ரைஃபிள் ஒன்று இருக்கிறது; போல்ட் என்னும் அடைப்புத் தண்டைக் கையால் இழுத்துத் தள்ளித் தோட்டா ஏற்றும் வகை அது. 2024 மக்களவைத் தேர்தலின்போது மற்ற உரிமதாரர்களைப் போலவே நானும் அதை ஒப்படைத்தேன். எண்ணெய் தடவாமல் கித்தான் உறையில் சுற்றிக் கொடுத்தது என் தவறு. கித்தான் ஈரத்தை உறிஞ்சி இரும்போடு ஒட்டியே வைத்திருக்கும். ஜூன் மாதம் முடிவுகள் வெளியான பின் திரும்பப் பெற்றபோது, குழலின் பின்முகத்தில், சுட்ட தோட்டாவின் கூட்டை இழுத்தெடுக்கும் கொக்கி வந்து அமரும் பள்ளங்களில் துரு தடித்திருந்தது. கூடு வெளியே வரவில்லை. அந்த இடத்தைக் கண்ணால் பார்த்துச் சுத்தம் செய்ய வேண்டுமானால், குழலை, அது பொருந்தியிருக்கும் உடற்பகுதியான ரிசீவரிலிருந்து பிரித்தாக வேண்டும்.

முதலில் வேறொரு மாவட்டத்தில் உரிமம் பெற்ற ஒருவரிடம் கொண்டு சென்றேன். அவர் குழலை வைஸில் பிடித்து, ரிசீவரில் பைப் ரெஞ்சு போட்டு முறுக்கினார். நகராததால் ஊதுவிளக்கால் சூடேற்றினார். இரண்டு நாள் கழித்து, ரிசீவரில் ரெஞ்சின் பல் தடத்தோடு, குழல் பழைய இடத்திலேயே இருக்க, ரைஃபிளைத் திருப்பிக் கொடுத்தார். தந்தையாரின் கைபட்ட பொருளில் அந்தத் தடங்களைப் பார்த்தது இன்றும் மனத்தை வருத்துகிறது.

அதன் பிறகுதான் கிருஷ்ணகிரியில் பழையபேட்டைப் பக்கம் இருக்கும் ஒரு சிறிய பட்டறைக்குச் சென்றேன். லேத் வேலையில் கைதேர்ந்தவர்கள் ஓசூரில் நிறையப் பேர் இருக்கிறார்கள் என்பதை அறிவேன். ஆனால் 1959 ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத்தின் 5 ஆம் பிரிவின்படி, துப்பாக்கியைப் பழுதுபார்ப்பதற்கே தனி உரிமம் வேண்டும் என்பதால், அந்தக் கைத்திறன் எவ்வளவு உயர்ந்ததானாலும் இந்த வேலைக்கு அங்கே செல்ல முடியாது. இந்தப் பட்டறையின் பெரியவர் ரைஃபிளைத் தொடுவதற்கு முன்பே என் அசல் உரிமத்தைக் கேட்டு வாங்கி, எண்ணை ரிசீவரிலுள்ள எண்ணோடு ஒப்பிட்டுப் பதிவேட்டில் எழுதிக்கொண்டார். பின்னர் போல்ட்டை உருவி, தோட்டா அமரும் அறையான சேம்பர் காலியாக இருப்பதை விரல் விட்டுத் தடவியும் விளக்கு அடித்தும் இருமுறை உறுதி செய்தார்.

அவர் கேட்ட முதல் கேள்வியே எனக்கு நம்பிக்கை தந்தது: “இது மரை போட்ட குழலா, ‘பின்’ அடித்த குழலா என்று யாராவது பார்த்தார்களா, தம்பி?”

குழலை ரிசீவரில் பொருத்துவதற்கு இரண்டு வழிகள் பரவலாக உள்ளன. ஒன்று மரை வெட்டி முறுக்குவது. மற்றொன்று, மரையே இல்லாமல் இறுக்கமாக அழுத்திச் செருகி, குறுக்கே ஆணி போன்ற எஃகுப் பின்களை அடித்து நிறுத்துவது. .22 போன்ற ரிம்ஃபயர் தோட்டாவில் தீப்பற்றும் மருந்து கூட்டின் விளிம்பு மடிப்புக்குள் இருக்கிறது. அந்த விளிம்பு அடிமுள்ளுக்கு நசுங்கிக் கொடுக்கும் அளவுக்கு மெல்லியதாக இருக்க வேண்டியிருப்பதால், உள்ளே எழும் அழுத்தமும் பெரிய வேட்டை ரைஃபிள்களில் எழுவதில் பாதியைக்கூட எட்டாது. ஆகவே மலிவும் எளிமையுமான பின் முறையே .22 ரைஃபிள்கள் பலவற்றுக்குப் போதுமானதாக இருக்கிறது. பின் அடித்த குழலை முறுக்கினால் அது ஒருநாளும் கழலாது. பின் வளையும், துளை கோணலாகும், அதற்குப் பிறகு நேரான வழியும் அடைபட்டுவிடும். என் ரைஃபிளுக்கு நேர்ந்ததும் அதுதான்.

ரிசீவரின் பக்கவாட்டை மெல்லிய தாளால் தேய்த்துப் பூதக்கண்ணாடியில் காட்டியபோது, நீலப் பூச்சுக்கு அடியில் மறைந்திருந்த இரண்டு வட்டங்கள் தெரிந்தன. அவை பின்களின் தலைகள். துருவிளக்கி எண்ணெயை இடுக்கில் விட்டு இரண்டு நாள் ஊற வைத்தார். வளைந்திருந்த ஒரு பின்னை அடித்து வெளியேற்ற முடியாமல், நடுவில் சரியாகத் துளையிட்டு எடுத்தார். அதன் பின் குழலுக்கும் ரிசீவருக்கும் குறுக்கே ஒரே கோடாகக் குறியிட்டு, பின்பக்கத்திலிருந்து பித்தளைத் தண்டைச் செலுத்தி, கைப்பிரஸ்ஸில் வைத்துச் சிறிது சிறிதாக அழுத்த, குழல் வெளியே வந்தது. சம்மட்டியோ நெருப்போ தேவைப்படவில்லை. நெருப்பைப் பற்றி அவர் கண்டிப்பாகவே பேசினார்: எஃகு நீலநிறம் காட்டும்போது சூடு 300 பாகையை ஒட்டி வந்திருக்கும், அந்த நிலையில் அதற்கு ஏற்றியிருந்த பதம் இறங்கத் தொடங்கியிருக்கும். நல்லவேளையாக, முன்பு சூடேற்றிய இடத்தில் அந்த நிறம் இல்லை.

துருவை நீக்கிய பிறகு மீண்டும் பொருத்துவதில்தான் அவருடைய நிதானத்தை முழுமையாகக் கண்டேன். குழலின் பின்முகத்துப் பள்ளங்கள் கொக்கிகளுக்கு நேராக வராவிட்டால் போல்ட் மூடாது. ஆழம் மாறினாலும் ஆபத்து: .22 தோட்டாவின் விளிம்பு அமர வேண்டிய இடைவெளி 1.09 மில்லிமீட்டர் முதல் 1.17 மில்லிமீட்டர் வரைதான். அதை அளவுமானி வைத்துச் சரிபார்த்துவிட்டுத்தான் புதிதாகக் கடைந்த பின்களை அடித்தார்.

குறைகளையும் சொல்ல வேண்டும். ஒரே ஆள் வேலை செய்வதால் 11 நாட்கள் ஆயின. வளைந்த பின்னைத் துளைக்க வேண்டியிருக்கும், அதற்குக் கூடுதலாகும் என்பதை முன்கூட்டியே சொல்லியிருக்கலாம். 2,500 ரூபாய் என்று பேசியது 3,800 ஆனது. செய்த வேலைக்கு அந்தத் தொகை நியாயமே என்றாலும், தொலைபேசியில் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் மனம் இன்னும் நிறைந்திருக்கும். தேய்த்த இடத்தில் இட்ட நீலப் பூச்சு பழைய நிறத்தோடு முழுதாகச் சேரவில்லை. ரெஞ்சின் தடங்களையும் அவர் ஆழமாகத் தேய்த்து அழிக்க மறுத்தார், ரிசீவரின் கனத்தைக் குறைக்கக் கூடாது என்பதற்காக. அந்த மறுப்பை நான் ஏற்றுக்கொள்கிறேன்.

சுட்டுப் பார்க்கும் வசதி பட்டறையில் கிடையாது. நான் உறுப்பினராக உள்ள சங்கத்தின் சுடுதளத்தில், 50 மீட்டர் தூரத்தில், ஒவ்வொரு தோட்டாவாக இட்டு 20 முறை சுட்டேன். எல்லாக் கூடுகளும் தடையின்றி வெளியே வந்தன. அவற்றில் ஐந்தைக் கொண்டுவந்து காட்டச் சொல்லியிருந்தார். விளிம்புகளை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, உப்பலோ கீறலோ இல்லை என்று சொன்ன பிறகே பதிவேட்டில் வேலை முடிந்ததாக எழுதினார்.