‘ஒரிஜினல் சாப்ட்வேர் போட்டாச்சு’ என்று 150 வெள்ளி (ரிங்கிட்) வாங்கினார்கள்: சுங்கை சிப்புட்டில் எங்களுக்கு நேர்ந்தது

பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டிலோ சுற்றியுள்ள தோட்டங்களிலோ இருப்பவர்கள், ரூட் செய்யப்பட்ட (அதாவது, தயாரிப்பாளர் போட்ட தடைகளை நீக்கி உள்ளே முழு உரிமை எடுத்த) கைப்பேசியைப் பழையபடி தொழிற்சாலை மென்பொருளுக்கு மாற்றித் தரச் சொல்லி டவுன் கடையில் கொடுக்க நினைத்திருந்தால், கொடுப்பதற்கு முன் இதைப் படிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். கடையின் பெயரை நான் எழுதப் போவதில்லை. பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் மனு கொடுத்திருக்கிறேன். விசாரணைக்கு முன்பே பெயரைப் பரப்புவது முறையல்ல.

கைப்பேசி என் அம்மாவுடையது. அண்ணன் மகன் பயன்படுத்திவிட்டுக் கொடுத்த சாம்சங். விளம்பரங்களைத் தடுப்பதற்காகவும் வேண்டாத செயலிகளை நீக்குவதற்காகவும் அவன் அதன் பூட்லோடர் (கைப்பேசியை எழுப்பும் முதல் நிரல்) பூட்டைத் திறந்து ரூட் செய்திருந்தான். பார்வைக்கு எல்லாம் சாதாரண சாம்சங் மாதிரியேதான் இருக்கும். இரண்டு ஆண்டுகள் அம்மா அதை வைத்துத் தடையில்லாமல் பேசினார், படம் பார்த்தார், வங்கிக்குக் குறுஞ்செய்தியில் வரும் டேக் எண்ணை (ஒருமுறை மட்டும் செல்லும் ஒப்புதல் எண்ணை) பார்த்து என்னிடம் சொன்னார். குறுஞ்செய்தி எண்ணைக் கைவிட்டுப் பாதுகாப்பான வேறு முறைக்கு மாறும்படி 2022 செப்டம்பரில் மலேசிய மத்திய வங்கியான பேங்க் நெகாரா மற்ற வங்கிகளுக்கு அறிவித்த பிறகு, எங்கள் வங்கியும் ஒப்புதலைச் செயலிக்குள் கொண்டுவந்துவிட்டது. அந்தச் செயலியோ, இந்தக் கருவி மாற்றப்பட்டிருக்கிறது என்று சொல்லி ரூட் செய்த கைப்பேசியில் திறக்கவே மறுத்தது. அம்மா இருப்பது செம்பனைத் தோட்டத்து வீட்டில். ஒவ்வொரு முறையும் வங்கிக் கிளைக்கு வந்து வரிசையில் நிற்க அவரால் முடியாது. ஆகவே கைப்பேசியை அதன் சொந்த மென்பொருளுக்கே திருப்பிவிடுவது என்று முடிவு செய்தோம்.

கடைச் சுவரில் விலைப்பட்டியல் ஒட்டியிருந்தது. ‘ஒரிஜினல் சாப்ட்வேர் 70, நாக்ஸ் மீட்பு 80’ என்று அதில் இருந்தது. நாக்ஸ் என்பது சாம்சங்கின் பாதுகாப்பு அமைப்பு. கவுண்டரில் இருந்த தம்பி கைப்பேசியை வாங்கி இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு, “ஒன்னும் பயப்படாதீங்க அண்ணே, கம்பெனியிலருந்து வந்த மாதிரி ஆக்கித் தர்றேன்” என்றார். உள்ளே என்ன இருக்கிறது, எதையாவது எடுத்து வைக்க வேண்டுமா என்று அவர் கேட்கவில்லை. எனக்கும் சொல்லத் தோன்றவில்லை. கடைக்கு வெளியே ஐந்தடி நடைபாதையில் நாற்பது நிமிடம் நின்றேன். திருப்பித் தந்தபோது திரையில் மொழியைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும் வரவேற்புப் பக்கம் பளிச்சென்று நின்றது. புதுக் கைப்பேசியை முதன்முறை திறந்தால் வரும் அதே பக்கம். 150 வெள்ளி கொடுத்தேன். ரசீது கேட்டதற்கு, கடைப் பெயரோ முத்திரையோ இல்லாத ஒரு துண்டுச் சீட்டில் ‘சாப்ட்வேர் 70, நாக்ஸ் 80’ என்று பேனாவால் எழுதித் தந்தார்.

அன்று மாலை அம்மாவின் வீட்டில் கைப்பேசியை அணைத்துத் திறந்தபோது, சாம்சங் பெயர் வருவதற்கு முன், பூட்லோடர் திறந்திருக்கிறது, மென்பொருளின் நம்பகத்துக்கு உறுதி தர முடியாது என்ற ஆங்கில எச்சரிக்கை முன்பு போலவே வந்தது. கடைக்குத் தொலைபேசி செய்தேன். “அது சும்மா வரும் அண்ணே, பட்டனை அழுத்தினா போயிடும்” என்றார் அந்தத் தம்பி. வங்கிச் செயலி மறுபடியும் மறுத்தது.

அந்தக் கடையில் செய்தது என்ன என்பது எனக்குப் பிறகுதான் புரிந்தது. அமைப்புகளுக்குள் போய் ‘ரீசெட்’ என்ற பொத்தானை அழுத்தியிருக்கிறார்கள், அவ்வளவுதான். ரீசெட் என்பது நம் படங்கள், செயலிகள், கணக்குகள் இருக்கும் பகுதியை மட்டும் துடைக்கும். கைப்பேசி எழுந்திருக்கும்போது முதலில் ஓடுகிற பூட் பகுதியை அது தொடுவதில்லை. ரூட் செய்யும்போது மாற்றப்படுவது அந்தப் பூட் பகுதிதான். வீட்டுக்குள் இருந்த சாமான்களை எல்லாம் வெளியே அள்ளிக் கொட்டிவிட்டு, மாற்றிப் போட்ட பூட்டை அப்படியே விட்டுவிட்டு, வீட்டைப் பழையபடி ஆக்கிவிட்டதாகச் சொன்னது போன்ற வேலை இது. ‘ரீசெட்’ வேறு, மென்பொருளையே முழுதாக மறுபடி ஏற்றும் ‘ஃபிளாஷ்’ வேறு என்பது தெரியாத எவரும் அந்த வரவேற்புப் பக்கத்தைப் பார்த்து நம்பிவிடுவார்கள். நானும் நம்பினேன்.

இரண்டு நாள் கழித்துத் திரும்பப் போய், எச்சரிக்கை வருவதைக் கவுண்டரிலேயே திறந்து காட்டினேன். “பூட்லோடரை லாக் பண்ணிட்டா சரியாயிடும்” என்று சொல்லி உள்ளே எடுத்துப் போனார்கள். பூட் பகுதியை அசல் நிலைக்கு மாற்றாமலேயே பூட்டைப் போட்டிருக்கிறார்கள். பூட்டிய கைப்பேசி, தன்னுள் ஓடப்போகிற மென்பொருளில் சாம்சங்கின் கையொப்பம் இருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் சரிபார்க்கும், இல்லையென்றால் எழாது. எழவில்லை. ஒரு மணி நேரம் கழித்து வந்து, “போர்டு போச்சு அண்ணே, 380 வெள்ளி ஆகும், வேண்டாம்னா எங்ககிட்டயே விட்டுட்டுப் போங்க, உதிரி பாகத்துக்கு 50 வெள்ளி தர்றோம்” என்றார்கள். உள்ளே கொண்டுபோகும்வரை நன்றாக வேலை செய்துகொண்டிருந்த கைப்பேசி! கொடுக்க மறுத்து வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். இந்த நிகழ்ச்சி முழுவதிலும் நான் சரியாகச் செய்த காரியம் அது ஒன்றுதான்.

சனிக்கிழமை ஈப்போவுக்குப் போனேன். அங்கே பழுதுபார்க்கும் சீன இளைஞர் ஒருவர், கைப்பேசியைத் தொடுவதற்கு முன்பே, “பேக்கப் சுடா?” (காப்புப் பிரதி எடுத்தாச்சா?) என்று மலாயில் கேட்டார். அந்த ஒரு கேள்வியைச் சுங்கை சிப்புட்டில் யாரும் கேட்கவில்லை என்பதை நினைத்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது.

அவர் வேலை செய்வதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க விட்டார். ஒலி கூட்டும், குறைக்கும் இரண்டு பொத்தான்களையும் சேர்த்து அழுத்தியபடி கணினிக் கம்பியைச் செருகியதும், ‘போர்டு போன’ அந்தக் கைப்பேசி, மென்பொருளை ஏற்றுவதற்கான டவுன்லோட் திரையைக் காட்டியது. கணினியில் ஓடின் என்ற மென்பொருளைத் திறந்தார். சாம்சங் பொதுமக்களுக்கு வெளியிடாவிட்டாலும் பழுதுபார்ப்பவர்கள் எல்லாரும் வைத்திருக்கும் கருவி அது. அதில் ஒரு கட்டம் நீல நிறமானது. கைப்பேசி கணினியோடு பேசுகிறது என்று பொருள். பிறகு முதுகுப்புறத்தில் இருந்த மாடல் எண்ணை ஓர் எழுத்துக்கூட விடாமல் ஒப்பிட்டுப் பார்த்து, மலேசியாவுக்குரிய எக்ஸ்.எம்.இ. குறியீடு கொண்ட அதிகாரப்பூர்வ மென்பொருளை எடுத்தார். பதிப்பு எண்ணின் கடைசியிலிருந்து ஐந்தாவது எழுத்தைத் திரையில் விரலால் தொட்டுக் காட்டி, கைப்பேசியில் இருப்பதைவிட அது குறைவாக இருக்கக்கூடாது, குறைந்தால் கைப்பேசி ஏற்காது என்று விளக்கினார். பி.எல்., ஏ.பி., சி.பி., சி.எஸ்.சி. என்ற நான்கு கோப்புகளையும் அதனதன் இடத்தில் வைத்துத் தொடங்கினார். பத்து நிமிடத்துக்குள் அந்தக் கட்டம் பச்சையாகி ‘பாஸ்’ என்று எழுதியது. கைப்பேசி தானாகவே அணைந்து எழுந்தது. எச்சரிக்கை வரவில்லை. அம்மாவின் கூகல் கணக்கைக் கேட்டது. கடவுச்சொல்லை அவர் மளிகைக் கணக்கு நோட்டின் பின்னட்டையில் எழுதி வைத்திருந்ததால் தப்பித்தோம். அவர் வாங்கியது 60 வெள்ளி, கடை முத்திரையோடு ரசீது.

நாக்ஸ் மீட்புக்கு 80 வெள்ளி கொடுத்திருக்கிறேன் என்று சொன்னபோது அவர் நிமிர்ந்து பார்த்தார். சாம்சங் கைப்பேசிக்குள் நாக்ஸ் குறி என்பது சில்லில் பதிந்த ஒரு மின் உருகி. அதிகாரப்பூர்வமற்ற மென்பொருள் முதன்முறை ஓடும்போது அது எரிந்து, 0 என்ற குறி 1 ஆகிவிடும். எரிந்த உருகியை எந்த மென்பொருளும் ஒட்டவைக்காது. அசல் மென்பொருளை எத்தனை முறை ஏற்றினாலும் அந்த 1 அப்படியேதான் இருக்கும். பாதுகாப்புக் கோப்புறை, சாம்சங்கின் பணம் செலுத்தும் வசதி ஆகியவை அந்தக் கைப்பேசியில் இனி வேலை செய்யாது. அம்மாவுக்கு அவை தேவையில்லை. வங்கிச் செயலி இப்போது திறக்கிறது, அது போதும். ஆனால் செய்யவே முடியாத ஒரு வேலையைச் சுவரில் விலை போட்டு ஒட்டிவைத்துப் பணம் வாங்குவதை அறியாமை என்று என்னால் ஏற்க முடியவில்லை. அந்தப் பட்டியல் இன்னும் சுவரில்தான் இருக்கிறது.

இவை எல்லாவற்றையும்விட எனக்கு ஆறாதது வேறொன்று. அப்பா போன ஆண்டு இறந்தார். ஈப்போ மருத்துவமனையில் இருந்த கடைசி வாரங்களில், எழுதத் தெம்பில்லாமல், அம்மாவுக்கு வாட்ஸ்அப்பில் குரல் பதிவாகவே அனுப்பிக்கொண்டிருந்தார். சாப்பிட்டாயா, கோழிக்குத் தீனி போட்டாயா என்ற அளவுதான். அம்மா இரவில் அவற்றைப் போட்டுக் கேட்பார். வாட்ஸ்அப் காப்புப் பிரதி எடுக்கப்பட்டிருக்கவில்லை. முதல் நாள் அந்த நாற்பது நிமிடத்துக்குள் அவை போய்விட்டன. பூட்லோடரைப் பூட்டினால் தரவுகள் எப்படியும் அழியும் என்பது உண்மை. முறையாகச் செய்திருந்தாலும் கைப்பேசி காலியாகத்தான் திரும்பியிருக்கும். ஆனால் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவற்றை நான் வேறிடத்துக்கு மாற்றியிருப்பேன். கிள்ளானில் இருக்கும் தங்கையிடம் அம்மா எப்போதோ அனுப்பிய ஒரே ஒரு பதிவு கிடைத்தது. பதினான்கு விநாடி.

இந்த வேலைக்குக் கைப்பேசியைக் கொடுக்கிறவர்கள், எந்தப் பதிப்பு எண் கொண்ட மென்பொருளை ஏற்றப் போகிறார்கள் என்று முதலில் கேட்டு ரசீதில் எழுத வையுங்கள். ரீசெட் மட்டும் செய்கிற கடைக்காரரிடம் இதற்குப் பதில் இருக்காது. பணம் கொடுக்கும் முன் அவர் எதிரிலேயே அணைத்துத் திறந்து, எச்சரிக்கை வருகிறதா என்று பாருங்கள். டவுன்லோட் திரையைக் காட்டச் சொல்லுங்கள். ஓடுகிற மென்பொருள் சாம்சங்கின் அதிகாரப்பூர்வமானதா, மாற்றப்பட்டதா என்பது அங்கே எழுதியிருக்கும், நாக்ஸ் குறியும் இருக்கும். பிளே ஸ்டோர் அமைப்புகளில் கைப்பேசி சான்றளிக்கப்பட்டதா என்று பார்க்கலாம். ஆனால் ரூட்டை மறைக்கும் வழிகள் இருப்பதால் அது ஒன்றை மட்டும் நம்ப வேண்டாம். *#06# அழுத்தி வரும் ஐ.எம்.இ.ஐ. எண்ணை (கைப்பேசியின் தனி அடையாள எண்ணை) கொடுக்கும் முன்பும் வாங்கிய பின்பும் ஒப்பிடுங்கள். பூட்டுவது எப்போதும் கடைசி வேலை. அசல் மென்பொருளோடு கைப்பேசி ஒரு முறை சரியாக எழுந்த பிறகே செய்ய வேண்டும்.

நடுவர் மன்றம் 1999-ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் அமைந்தது. 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளை மூன்று ஆண்டுகளுக்குள் கொண்டுபோகலாம், மனுக் கட்டணம் 5 வெள்ளி, வழக்கறிஞர் தேவையில்லை. முத்திரை இல்லாத அந்தத் துண்டுச் சீட்டையும், சுவரில் இருந்த விலைப்பட்டியலின் படத்தையும், ஈப்போ ரசீதையும் இணைத்திருக்கிறேன். விசாரணைத் தேதி இன்னும் வரவில்லை.

இதே டவுனில் ‘போர்டு போச்சு’ என்று கேள்விப்பட்டு அலமாரியில் கைப்பேசியைப் போட்டு வைத்திருப்பவர்கள், அதை 50 வெள்ளிக்குக் கொடுத்துவிடாதீர்கள். கொடுக்கும் முன் இன்னொரு கடையில் ஒரு கணினியோடு இணைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.