பி.எஃப்., இ.எஸ்.ஐ. வேலை: கன்சல்டண்டிடமா, நம் ஆபீசிலேயேவா?

கோவையில் எங்கள் பட்டறையில் 26 பேர். ஐந்து வருஷமாக பி.எஃப்., இ.எஸ்.ஐ., தொழில் வரி எல்லாவற்றையும் ஒரு கன்சல்டண்ட் பார்த்துவந்தார். 2023 கடைசியிலிருந்து எங்கள் கணக்குப் பார்க்கும் அம்மாவே பார்க்கிறார். நடுவில் இரண்டு மாதம் ஒரு பேரோல் சாஃப்ட்வேரையும் ஓட்டிப் பார்த்தோம். என் ஓட்டு ஆபீசிலேயே செய்வதற்குத்தான். முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

செலவில் பெரிய வித்தியாசம் இல்லை. கன்சல்டண்டுக்கு மாதம் 3,000 ரூபாய் போனது. அம்மாவுக்குச் சம்பளத்தில் 2,500 ஏற்றினோம். கணக்கும் பயப்படும்படி இல்லை. பி.எஃப். இரண்டு பக்கமும் 12 சதவீதம், இ.எஸ்.ஐ. தொழிலாளிக்கு 0.75, நமக்கு 3.25. எக்செல் தெரிந்த யாரும் இரண்டு மாதத்தில் பிடித்துக்கொள்வார்கள்.

முடிவைத் தீர்மானித்தது 15ஆம் தேதி. பி.எஃப்., இ.எஸ்.ஐ. இரண்டுக்கும் மறுமாதம் 15தான் கெடு. 2022-23இல் இரண்டு மாதம் எங்கள் பி.எஃப். சலான் 18ஆம் தேதி கட்டப்பட்டிருந்தது. வருகைப் பதிவேட்டை நாங்கள் 9ஆம் தேதியே அனுப்பிவிட்டோம். ஆனால் அவர் கையில் நாற்பது கம்பெனி. எல்லாருடைய வேலையும் 14, 15இல்தான் வந்து குவியும். கேட்டபோது, “மூணு நாள்தானுங்களே சார், வட்டி நூறு ரூபா வரும், கட்டிரலாம்” என்றார். வட்டிக் கணக்கு சரிதான். இரண்டு மாதத்துக்கும் வட்டி, அபராதம் சேர்த்து முன்னூறு ரூபாயைத் தாண்டவில்லை.

அடி விழுந்தது வருமான வரியில். முதலாளி தன் பங்கைத் தாமதமாகக் கட்டினாலும், ரிட்டர்ன் தாக்கல் கெடுவுக்குள் கட்டியிருந்தால் செலவாகக் காட்டலாம். தொழிலாளியிடம் பிடித்த பங்குக்கு அப்போது அந்தச் சலுகை கிடையாது. அது நம் பணமே அல்ல, நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட பணம் என்று 2022 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தீர்த்துச் சொல்லிவிட்டது. அன்றைய விதிப்படி ஒரு நாள் தாமதமானாலும் அந்தத் தொகை நம் வருமானத்தில் ஏறிவிட்டது, பிறகு எந்த வருஷமும் கழித்துக்கொள்ள முடியவில்லை. எங்கள் கணக்கைப் பாருங்கள்: ஆளுக்கு 15,000 ரூபாய்க்கு 12 சதவீதம் 1,800. 26 பேருக்கு 46,800. இரண்டு மாதத்துக்கு 93,600. பார்ட்னர்ஷிப் நிறுவனத்துக்கு செஸ் சேர்த்து 31.2 சதவீத வரி. ஏறக்குறைய 29,200 ரூபாய் போனது. தணிக்கையில் ஒவ்வொரு சலானும் எந்தத் தேதியில் கட்டப்பட்டது என்று ஆடிட்டர் தனியாக எழுதியே ஆக வேண்டும். மறைக்க வழியில்லை.

கன்சல்டண்டைக் குறை சொல்லிப் பயனில்லை. அவர் தாமதித்தாலும் சட்டத்துக்குத் தெரிவது முதலாளி ஒருவர்தான். இப்போது 10ஆம் தேதிக்குள் சலான் போட்டுவிடுகிறோம். 15க்காகக் காத்திருக்க எங்களுக்கு ஒரு காரணமும் இல்லை. அவருக்கு நாற்பது காரணம் இருந்தது.

இன்னொரு லாபத்தை நான் எதிர்பார்க்கவில்லை. வேலையை விட்டுப் போனவரின் விலகல் தேதி பி.எஃப். போர்ட்டலில் ஏறாவிட்டால் அவரால் பி.எஃப். பணத்தை முழுதாக எடுக்க முடியாது. முன்பு அதற்காக ஒருவர் வாராவாரம் வந்து நிற்பார். இப்போது அம்மாவின் மேஜைக்கு முன் உட்கார்ந்து பத்து நிமிஷத்தில் முடித்துக்கொண்டு போகிறார்கள்.

சிக்கல் இல்லாமல் இல்லை. மகள் பிரசவத்துக்காக அம்மா ஒரு மாதம் ஊருக்குப் போனபோது நானே உட்கார்ந்தேன். ஜூனில் சம்பளம் இ.எஸ்.ஐ. வரம்பான 21,000ஐத் தாண்டிய ஒருவரை உடனே இ.எஸ்.ஐ.யிலிருந்து எடுத்துவிட்டேன். தப்பு. ஏப்ரல் முதல் செப்டம்பர் வரையிலான அரையாண்டு முடியும்வரை அவருக்கும் பிடிக்க வேண்டும். அம்மா வந்துதான் சரிசெய்தார். ஆகவே இரண்டு பேருக்காவது வேலை தெரிந்திருக்க வேண்டும். ஏப்ரல் 1 முதல் குறைந்தபட்சக் கூலியின் அகவிலைப்படி மாறும் விவரத்தையும் கன்சல்டண்ட் வாட்ஸ்அப்பில் தானாக அனுப்பிவிடுவார். இப்போது நாங்களே தேடுகிறோம்.

சாஃப்ட்வேர் சம்பளச் சீட்டை அழகாகப் போட்டது. எங்களுக்கு அது மட்டும் போதவில்லை. தமிழ்நாட்டில் தொழில் வரி அரையாண்டுக்கு ஒருமுறை உள்ளாட்சிக்குக் கட்டுவது. அதில் மாதாமாதம் பிடிக்கும்படி அமைந்திருந்ததை மாற்றவே ஒரு நாள் போனது. ஆனால் இரண்டே மாதப் பழக்கத்தை வைத்து அதைத் தள்ளிவிடச் சொல்ல மாட்டேன். நூறு பேர் இருக்கும் இடத்தில் கதை வேறாக இருக்கலாம். வேறு மாநிலத்திலும் கிளை வைத்திருப்பவர்களுக்கும் என் அனுபவம் உதவாது.

கன்சல்டண்டை முழுக்க விட்டுவிடவும் இல்லை. 2025 நவம்பர் 21இல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்தபோது, வீட்டு வாடகைப் படி போன்ற படிகள் மொத்த ஊதியத்தில் பாதியைத் தாண்டினால் மிஞ்சுவதும் ஊதியமாகவே கணக்காகும் என்ற விதிக்காக எங்கள் சம்பளப் பிரிப்பை அவரிடம்தான் காட்டினோம். நான்கு பேருடைய பிரிப்பை மாற்றச் சொன்னார். வேலைக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொண்டார். மாதச் சலான் பற்றி அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.