தலசீமியா கேரியர் தம்பதிக்கு எது பொருத்தம்: சி.வி.எஸ்.ஸா, பனிக்குடநீர்ப் பரிசோதனையா?

கணவன், மனைவி இருவருமே பீட்டா தலசீமியா என்ற பரம்பரை ரத்த நோயின் கேரியர்களாக (நோயின்றி அதன் மரபணு மாற்றத்தை மட்டும் சுமப்பவர்களாக) இருந்தால், ஒவ்வொரு கர்ப்பத்திலும் குழந்தைக்கு அதன் கடுமையான வடிவமான தலசீமியா மேஜர் வருவதற்கான வாய்ப்பு 25 சதவீதம். எங்கள் நிலையும் அதுவே. எனவே நாங்கள் நஞ்சுக்கொடித் திசுவை எடுத்துச் சோதிக்கும் சி.வி.எஸ். முறையைத் தேர்ந்தெடுத்தோம்.

சி.வி.எஸ்., கருவைச் சூழ்ந்துள்ள நீரை எடுத்துச் சோதிக்கும் பனிக்குடநீர்ப் பரிசோதனை ஆகிய இரண்டிலுமே பெரும்பாலும் ஸ்கேன் பார்த்தபடி வயிற்றின் வழியாகத்தான் ஊசி செலுத்துகிறார்கள். தேர்ந்த மருத்துவர் செய்தால் கருச்சிதைவு அபாயமும் ஏறக்குறைய ஒன்றே. 200-ல் ஒன்று அல்லது அதற்கும் குறைவு. கருவின் குரோமோசோம் குறைகளைத் தேடி தாயின் ரத்தத்தில் செய்யும் வழக்கமான என்.ஐ.பி.டி. சோதனை தலசீமியாவுக்கு விடை தராது.

முடிவைத் தீர்மானிப்பது காலம்தான். சி.வி.எஸ். 11 முதல் 14 வாரங்களுக்குள் செய்யப்படுகிறது. பனிக்குடநீரை எடுக்க 15 வாரங்கள் நிறைவடைய வேண்டும். நஞ்சுக்கொடித் திசுவில் டி.என்.ஏ. தாராளமாகக் கிடைக்கும்; பனிக்குடநீரில் செல்கள் குறைவு என்பதால் சில நேரம் அவற்றை வளர்த்தெடுத்த பிறகே சோதிக்க முடியும். இந்தியாவின் 2021 கருக்கலைப்புத் திருத்தச் சட்டப்படி 20 வாரம் வரை ஒரு மருத்துவரின் கருத்தே கருக்கலைப்புக்குப் போதும் என்றாலும், முடிவு கைக்கு வரும்போது 13 வாரமா, 18 வாரமா என்பது உடலுக்கும் மனத்துக்கும் பெரிய வேறுபாடு. "எத்தனை மாதம்?" என்று அக்கம்பக்கத்தார் கேட்கத் தொடங்குவதற்கு முன்பே விடை தெரிந்துவிடுவதன் அருமை, பெண்களுக்குச் சொல்லாமலே புரியும். ஆனால் பெற்றோர் இருவரின் மரபணு மாற்றமும் எதுவென்று முன்பே கண்டறியப்பட்டிருந்தால்தான் இந்த நேரம் கைகூடும். கருவுறும் முன்பே அதை முடித்துவிட வேண்டும்.

எடுத்த திசு, தட்டில் மிதக்கும் வெள்ளை நூலிழைகளைப் போலிருக்கும். அதில் ஒட்டியிருக்கும் தாயின் திசுவை நுண்ணோக்கியில் பார்த்துப் பிரிக்காவிட்டால் முடிவு பிழைபடலாம் என்பதால், ஆய்வகத்தின் அனுபவத்தை விசாரித்தே போக வேண்டும்.

பனிக்குடநீர்ப் பரிசோதனையை உறவினர் ஒருவருக்குத் துணையாகப் போய்ப் பார்த்த அளவிலேதான் அறிவேன். ஆயினும் டவுன் சிண்ட்ரோம் போன்ற குரோமோசோம் ஐயங்களுக்கு அதன் பக்கம் நியாயம் உண்டு: குழந்தையிடம் இல்லாத மாற்றம் நஞ்சுக்கொடியில் மட்டும் காணப்படுவது சி.வி.எஸ்.ஸில் ஏறக்குறைய 100-ல் ஒருவருக்கு நேர்கிறது.

எதைச் செய்தாலும், கருவின் பாலினத் தேர்வைத் தடுக்கும் 1994ஆம் ஆண்டுச் சட்டப்படி எழுத்துப்பூர்வ ஒப்புதல் தர வேண்டும், பாலினம் சொல்லப்படாது. தாயின் ரத்தப் பிரிவு நெகட்டிவ் என்றால், தாயின் உடல் குழந்தையின் ரத்தத்துக்கு எதிராகச் செயல்படாமல் தடுக்கும் ஆன்டி-டி ஊசியைப் பற்றி மருத்துவரிடம் முன்கூட்டியே நினைவூட்டிவிடுங்கள்.