பல் சீரமைப்புக் கம்பி: நிட்டினாலா, துருப்பிடிக்காத எஃகா?

பல்லுக்குக் கம்பி கட்டவிருப்பவர்கள் விலை கூடிய கம்பியே சிறந்தது என்று எண்ணித் தடுமாறுகிறார்கள். உண்மையில் இவ்விரண்டும் வெவ்வேறு வேலைக்கு உரியவை.

வளைந்து மீளுதல்
நிட்டினால்: நிக்கலும் டைட்டானியமும் ஏறத்தாழச் சம அணு எண்ணிக்கையில் கலந்த இந்த உலோகம், விசைக்கு உள்ளாகும்போது தன் படிக அமைப்பையே (அணுக்கள் அடுக்கப்பட்டிருக்கும் முறையை) ஆஸ்டெனைட் என்ற வகையிலிருந்து மார்ட்டென்சைட் என்ற வகைக்கு மாற்றிக்கொண்டு, விசை நீங்கியதும் முந்தைய அமைப்புக்குத் திரும்புவதால், சுமார் 8 விழுக்காடு வரை நீண்டாலும் பழைய வடிவை அடைந்துவிடுகிறது. வியப்பூட்டும் பண்பு இது.
எஃகு: 1 விழுக்காட்டை எட்டும் முன்பே நிரந்தரமாக வளைந்துவிடும்.

பல்லின் மீதான விசை
நிட்டினால்: மிகவும் கோணலான பல்லையும் மென்மையாக, பெரிதும் மாறாத விசையுடன் நகர்த்தும். வாயின் வெப்பத்தில் செயல்படும் வகை, குளிர்ந்த நீர் பட்டால் சற்றுநேரம் தளரும்.
எஃகு: முதலில் கடுமையாக அழுத்தும், பல் சிறிது நகர்ந்ததுமே விசை குறைந்துவிடும்.

கைவேலையும் விலையும்
நிட்டினால்: இடுக்கியால் மடிப்பதும் பற்றவைப்பதும் கடினம், விலை கூடுதல்.
எஃகு: இரண்டுக்கும் இணங்கும்; மலிவு.

ஆகவே, நெருக்கியடித்து நிற்கும் பற்களை வரிசைப்படுத்தும் தொடக்க மாதங்களுக்கு நிட்டினாலும், இடைவெளிகளை மூடவும் நுணுக்கமாகத் திருத்தவும் உறுதியும் வழுக்கும் தன்மையும் வேண்டப்படும் பிற்பகுதிக்கு எஃகும் பொருந்தும். நிக்கல் ஒவ்வாமை உள்ளவர்கள் அதை முன்னதாகவே மருத்துவரிடம் கூறிவிட வேண்டும். இரண்டிலுமே நிக்கல் உண்டு.