ஆய்வு மேசையா, ஆசிரியர் பயிற்சி வகுப்பா?

குழந்தை வளர்ச்சி, குடும்பவியல் துறையில் முதுகலை முடித்த சிங்கப்பூர்த் தமிழர் முன் பெரும்பாலும் இரு வழிகள் நிற்கின்றன: முனைவர் பட்டம் பெற்று ஆய்வாளராவது, அல்லது பாலர் பள்ளி ஆசிரியர்களுக்குப் பயிற்சியளிப்பது.

ஆய்வின் ஈர்ப்பு அதன் நீளத்தில் இருக்கிறது. 2009இல் கேகே மகளிர், சிறுவர் மருத்துவமனையிலும் தேசியப் பல்கலைக்கழக மருத்துவமனையிலும் சீன, மலாய், இந்தியத் தாய்மார்களைக் கருவுற்ற காலத்திலேயே சேர்த்துத் தொடங்கிய ‘கஸ்டோ’ ஆய்வு, அவர்களுடைய பிள்ளைகளைப் பல ஆண்டுகளாகப் பின்தொடர்கிறது. இத்தகைய ஆய்வில் தமிழறிவு அலங்காரமன்று. “பாட்டி, வாட்டர் வேணும்” என்னும் மூன்று வயதுக் குழந்தையின் சொற்றொடரில் எதைத் தமிழ்ச் சொல்லாகக் கணக்கிடுவது என்று ஒலிப்பதிவை நிறுத்தி நிறுத்திக் கேட்டு முடிவெடுக்க, வீட்டில் அப்படிப் பேசிப் பழகிய காது வேண்டும். ஆனால் ஆய்வுக்கான மானியம் முடியும்போதே பணி ஒப்பந்தமும் முடியக்கூடும். வீட்டுக் கடன் கட்டுபவருக்கு இது சிறு கவலையன்று.

பாலர் பள்ளி ஆசிரியர்களைப் பயிற்றுவிக்க 2019இல் உருவான தேசியப் பாலர் பருவ மேம்பாட்டுக் கழகம் போன்ற இடங்களில் கற்பிப்பவருக்கு அந்தப் பதற்றம் குறைவு. அங்கே முனைவர் பட்டத்தைவிட வகுப்பறை அனுபவமே கூடுதலாகப் பேசும். பயிற்சி மாணவி கதை சொல்லும்போது பாயில் எந்தப் பிள்ளை நெளிகிறது என்பதைப் பின்வரிசையிலிருந்து கவனிப்பதும் கூர்மையான ஆய்வுதான், கட்டுரையாக வெளிவராவிட்டாலும். பாலர் பள்ளியில் சில ஆண்டுகள் வேலை பார்த்தவருக்கு நான் இரண்டாவதையே பரிந்துரைப்பேன். புள்ளியியலில் உண்மையான விருப்பமுள்ளவர் முதலாவதை விடக்கூடாது.