ஆங்கிலம் புரிந்திருக்கிறதா? சோதிக்கும் வழிகளில் நான் எதைத் தேர்ந்தேன், ஏன்?

ஒன்பதாம் வகுப்பு ஆங்கில இடைத்தேர்வில் வாசித்துப் புரிந்துகொள்வதையும் கேட்டுப் புரிந்துகொள்வதையும் சோதிக்க இப்போது ஒரே முறையைத்தான் கையாள்கிறேன். பத்தி ஆங்கிலத்தில் இருக்கும்; கேள்வியும் விடையும் தமிழில் இருக்கும். சக ஆசிரியர்கள் பலருக்கு இதில் உடன்பாடில்லை. ஆங்கிலத் தேர்வில் தமிழுக்கு என்ன வேலை என்று கேட்கிறார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். அதனால் மற்ற முறைகளையும் அருகருகே வைத்து, எதில் என்ன கிடைக்கிறது, எதில் என்ன கைநழுவுகிறது என்று பார்க்கலாம்.

நம் பள்ளிகளில் வழக்கத்தில் இருப்பவை மூன்று: சரியான விடையைத் தேர்ந்தெடுக்கும் ஒருமதிப்பெண் வினா, ஆங்கிலத்திலேயே விடையெழுதும் குறுவினா, கோடிட்ட இடம் நிரப்புதலும் சொல்வதெழுதுதலும் சேர்ந்த பழைய வகை. நான்காவது, தமிழில் விடையெழுதுவது.

ஒருமதிப்பெண் வினாவின் நன்மை எல்லோருக்கும் தெரிந்ததே. நாற்பது விடைத்தாள்களை ஒரே பாடவேளையில் திருத்திவிடலாம். கேட்டல் தேர்வில் அதற்குக் கூடுதல் நன்மையும் உண்டு. ஒலி ஓடிக்கொண்டிருக்கும்போது மாணவர் எழுதிக்கொண்டிருக்கத் தேவையில்லை, ஒரு எழுத்தை வட்டமிட்டால் போதும். ஆனால் நான்கு விடைகள் கொடுத்து இருபது கேள்வி கேட்டால், பத்தியைத் திறந்தே பார்க்காதவருக்கும் சராசரியாக ஐந்து மதிப்பெண் கிடைத்துவிடும். பக்கத்து மேசைக்கு விரல் காட்டி விடை சொல்வதும் இதில்தான் எளிது. இதைவிடப் பெரிய சிக்கல், தவறான விடைகளைத் தயாரிப்பது. அரைகுறையாகப் புரிந்தவர் நம்பித் தேர்ந்தெடுக்கும்படி அவை இருக்க வேண்டும். பத்தியைப் படிக்காமலே தள்ளிவிடும்படி இருந்தால் பயனில்லை. கேம்பிரிட்ஜ் போன்ற தேர்வு அமைப்புகள் வினாக்களை முன்கூட்டியே மாணவர்களிடம் கொடுத்துச் சோதித்துப் பார்த்த பிறகுதான் உண்மையான தேர்வில் சேர்க்கின்றன. ஞாயிற்றுக்கிழமை இரவில் வினாத்தாள் தயாரிக்கும் ஒற்றை ஆசிரியருக்கு அந்த வசதி கிடையாது.

கோடிட்ட இடத்தைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். ஒரு பத்தியில் ஐந்தாவது சொல், அடுத்த ஐந்தாவது சொல் என்று ஒரே இடைவெளியில் நீக்கிவிட்டு நிரப்பச் சொல்லும் முறையை 1953-இல் வில்சன் டெய்லர் என்ற ஆய்வாளர் அறிமுகப்படுத்தினார். மாணவரை அளப்பது அப்போது அவர் நோக்கமாக இருக்கவில்லை. ஒரு பத்தி படிக்க எவ்வளவு எளிது என்று அளக்கவே அதைக் கொண்டுவந்தார். மொழித்திறனை அளக்கும் கருவியாக அது பின்னால்தான் பரவியது. என் வகுப்பில் அதை வைத்தால் 'இன்', 'ஆன்', 'அட்' ஆகியவற்றில்தான் மாணவர்கள் மாட்டிக்கொள்கிறார்கள். பத்தியின் கருத்து முழுவதும் விளங்கியவரும் முன்னிடைச்சொல்லில் கோட்டைவிடுகிறார். சொல்வதெழுதுதலில் எழுத்துப்பிழைதான் முன்னால் வந்து நிற்கிறது. இரண்டும் நல்ல பயிற்சிகள், வகுப்பில் செய்யவும் செய்கிறேன். புரிதலை அளக்க அவற்றை நம்புவதில்லை.

போட்டி உண்மையில் மீதி இரண்டுக்கும் இடையில்தான். ஆங்கிலத்தில் விடையா, தமிழில் விடையா? நான் ஒன்றே ஒன்றைத்தான் பார்க்கிறேன். அந்த மதிப்பெண் எதைச் சொல்கிறது? ஒரு மாணவர் பத்துக்கு எட்டு வாங்கினால் பத்தி அவருக்குப் புரிந்தது என்று நான் நம்பலாமா? இரண்டு வாங்கினால் புரியவில்லை என்று நம்பலாமா? இதில் ஒரு முறை தேறாவிட்டால், திருத்த எளிது, தயாரிக்க எளிது என்ற மற்ற நன்மைகளால் ஆகப்போவது எதுவுமில்லை.

இந்த வாக்கியத்தைப் பாருங்கள்: 'டும்பன் நேற்று பிலாவூரில் மூன்று கொரட்டங்களைச் சிலுப்பினான்.' இப்போது கேள்விகள். டும்பன் எங்கே சிலுப்பினான்? பிலாவூரில். எத்தனை கொரட்டங்களைச் சிலுப்பினான்? மூன்று. எப்போது? நேற்று. மூன்றுக்கு மூன்று. கொரட்டம் என்றால் என்ன, அதைச் சிலுப்புவது எப்படி என்று எழுதிய எனக்கும் தெரியாது, படித்த உங்களுக்கும் தெரியாது. வாக்கிய அமைப்பு மட்டும் பிடிபட்டால் முழு மதிப்பெண் வாங்கிவிடலாம். ஆங்கிலப் பத்திக்கு ஆங்கிலத்தில் கேள்வி கேட்டு ஆங்கிலத்தில் விடை வாங்கும்போது நம் மாணவர்களில் கணிசமானோர் செய்வது இதைத்தான். கேள்வியில் உள்ள ஒரு சொல்லைப் பத்தியில் தேடுகிறார்கள், அது இருக்கும் வரியை அப்படியே பெயர்த்து விடைத்தாளில் வைக்கிறார்கள். முழுவரியும் சரியாக இருப்பதால் நாமும் மதிப்பெண் போட்டுவிடுகிறோம். தேர்ச்சிக்கான உத்தியாக இதைச் சொல்லிக்கொடுப்பதும் உண்டு. மெல்லக் கற்கும் மாணவரைக் கரையேற்ற வேறு வழி தெரியாத நிலையில் அதைச் செய்கிற ஆசிரியரை நான் குறைசொல்ல மாட்டேன். ஆனால் அந்த மதிப்பெண்ணைப் புரிதலின் அளவு என்று சொல்ல முடியாது.

வகுப்பில் இது எப்படி வெளிப்படுகிறது என்பதற்கு ஒரு உதாரணம். நான் எழுதிய ஒரு சிறு அறிவிப்புப் பத்தியில் இப்படி ஒரு வரி: 'அன்லெஸ் இட் ரெயின்ஸ், தி மேட்ச் வில் பி ஹெல்ட் ஆன் சண்டே.' ஆட்டம் எப்போது நடக்கும் என்று ஆங்கிலத்தில் கேட்டால், ஏறக்குறைய வகுப்பு முழுவதும் இந்த வரியைப் பார்த்து எழுதிவிடும். எல்லோருக்கும் முழு மதிப்பெண். அதே கேள்விக்குத் தமிழில் விடை கேட்டேன். 'மழை பெய்யாவிட்டால் ஞாயிற்றுக்கிழமை நடக்கும்' என்று ஒரு பகுதியினர் சரியாக எழுதினார்கள். 'மழை பெய்தால் ஞாயிற்றுக்கிழமை நடக்கும்' என்று இன்னொரு பகுதியினர். 'ஞாயிற்றுக்கிழமை' என்று மட்டும் எழுதி, மழையைத் தொடாமல் நழுவியவர்களும் உண்டு. ஆங்கில விடைத்தாளில் ஒரே வரியாகத் தெரிந்தவர்கள் இங்கே மூன்று பிரிவாகப் பிரிந்துவிட்டார்கள். அடுத்த பாடவேளையில் நான் எதைச் சொல்லித்தர வேண்டும் என்பதும் அதிலேயே தெரிந்துவிட்டது.

இதன் மறுபக்கம் இன்னும் வருத்தமானது. பத்தியை நன்றாகப் புரிந்துகொண்டு, ஆங்கிலத்தில் எழுத வராததால் வெறும் தாளைக் கொடுக்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள். தமிழ்வழியில் எட்டாம் வகுப்புவரை படித்து வந்தவர்களில் இப்படிப் பலரைப் பார்க்கலாம். 'ஏன் அந்த முதியவர் கடிதத்தைத் திருப்பிக் கொடுத்தார்?' என்று கேட்டால், காரணம் அவர்களுக்குத் தெரியும். 'பிகாஸ்' என்று தொடங்கி அடுத்த சொல் வராமல் நிறுத்திவிடுவார்கள். இதே கேள்விக்கு ஒரு மாணவி தமிழில் எழுதியிருந்தார்: 'கடிதம் அவருக்கு வந்ததுதான். ஆனால் மகன் பெயரைப் பார்த்ததும் கோபத்தில் பிரிக்காமலே திருப்பிவிட்டார்.' மகன்மேல் கோபம் என்று பத்தியில் எங்கும் வெளிப்படையாகச் சொல்லப்படவில்லை. வரிகளுக்கு இடையில் படித்திருக்கிறார். ஆங்கிலத்தில் விடை கேட்டிருந்தால் அவருக்குப் பூஜ்யம் போட்டிருப்பேன், வாசிக்கத் தெரியாதவர் என்று பெயரும் கட்டியிருப்பேன்.

இது என் சொந்தக் கண்டுபிடிப்பு இல்லை. இங்கிலாந்தில் பதினாறு வயதில் எழுதும் ஜி.சி.எஸ்.இ. தேர்வில், பிரெஞ்சு, ஜெர்மன், ஸ்பானிஷ் எடுத்த மாணவர்கள் வாசித்தல், கேட்டல் தாள்களில் பெரும்பாலான கேள்விகளுக்கு ஆங்கிலத்தில்தான் விடை எழுதுகிறார்கள். பிரெஞ்சு எழுத வருகிறதா என்று பார்க்கத் தனித்தாள் இருக்கிறது. தென்கொரியாவின் கல்லூரி நுழைவுத் தேர்வான சுனுங்கில் ஆங்கிலத்துக்கு 45 கேள்விகள், 70 நிமிடம். முதல் 17 கேள்விகள் கேட்டலுக்கு. அந்த நேரத்தில் நாடு முழுவதும் விமானங்கள் ஏறுவதும் இறங்குவதும் நிறுத்தப்படுகின்றன. அவ்வளவு கண்டிப்பான தேர்விலும் வினாக்களைக் கொரிய மொழியில்தான் கேட்கிறார்கள். ஆங்கிலத்தின்மேல் அக்கறை இல்லாமல் அந்த நாட்டினர் இப்படிச் செய்வதாக யாரும் சொல்ல முடியாது.

எதிர்வாதத்துக்கும் வலு இருக்கிறது. 1984-இல் எலானா ஷொஹாமி என்ற மொழித்தேர்வு ஆய்வாளர் இஸ்ரேலில் பள்ளி மாணவர்களிடம் செய்த ஆய்வில், கேள்விகள் தாய்மொழியில் இருந்தபோது தேர்வு எளிதானது. மொழித்திறன் குறைந்தவர்களிடம் அந்த விளைவு அதிகமாகத் தெரிந்தது. அதாவது தமிழில் கேள்வி கேட்கும்போது ஓரளவு துப்பும் கொடுத்துவிடுகிறோம். 'விவசாயி ஏன் கிணற்றை மூடினார்?' என்று தமிழில் கேட்டாலே, பத்தியில் விவசாயியும் கிணறும் வருவதும் அது மூடப்பட்டதும் தெரிந்துவிடுகிறது. இதைச் சமாளிக்கக் கேள்வியைப் பொதுவாக வைக்கிறேன்: 'இரண்டாம் பத்தியில் அவர் எடுத்த முடிவு என்ன? காரணம் என்ன?' என்பதுபோல. துப்பு குறைகிறது, முழுவதும் போய்விடுவதில்லை.

கேட்டலுக்கு வருவோம். தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தின் பத்து, பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வுகளின் வினாத்தாளில் கேட்டலுக்கு இடமில்லை. சி.பி.எஸ்.இ. பன்னிரண்டாம் வகுப்பில் அகமதிப்பீட்டில் ஐந்து மதிப்பெண் உண்டு. பொதுத்தேர்வில் இல்லாததை யாரும் பொருட்படுத்துவதில்லை. பாடநூலில் கேட்டல் பயிற்சிகள் இருக்கின்றன, ஆனால் அந்தப் பத்தி நூலிலேயே அச்சாகியிருக்கும்போது மாணவர் பக்கத்தைப் புரட்டிப் படித்துவிடுவார். அதைத் தேர்வு என்று எடுத்துக்கொள்ள முடியாது.

ஆசிரியரே வகுப்பில் வாசிப்பதா, ஒலிப்பதிவைப் போடுவதா? நான் வாசித்தால் என்னையறியாமல் முக்கியமான சொல்லை அழுத்துகிறேன், விடை வரும் இடத்தில் ஒரு கணம் நிறுத்துகிறேன். மாணவர்கள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். இரண்டு பிரிவுகளுக்கு வாசித்தால் இரண்டும் ஒரே மாதிரி வருவதும் இல்லை. எனவே பதிவுதான். வேறு வகுப்பு ஆசிரியர் ஒருவரிடம் பத்தியைக் கொடுத்துக் கைப்பேசியில் பதிந்து, ஒரு புளூடூத் ஒலிபெருக்கியில் போடுகிறேன். கடைசி மேசைக்குக் கேட்கிறதா என்று முன்பே பார்த்துக்கொள்ள வேண்டும், மின்விசிறியை நிறுத்தியும் ஆகவேண்டும். வெளிநாட்டில் படிக்கப் போகிறவர்கள் எழுதும் ஐ.இ.எல்.டி.எஸ். ஆங்கிலத் தேர்வில் ஒலிப்பதிவு ஒரே முறைதான் ஓடும். பள்ளி மாணவர்களுக்கான கேம்பிரிட்ஜ் பி1 பிரிலிமினரி தேர்வில் ஒவ்வொரு பதிவையும் இரண்டு முறை போடுகிறார்கள். ஒன்பதாம் வகுப்புக்கு இரண்டு முறை என்பதே என் முடிவு. முதல் முறையில் யார், எங்கே என்பது பிடிபடுகிறது. விவரங்கள் இரண்டாம் முறையில்தான் வசப்படுகின்றன.

இங்கும் தமிழ் விடையே கைகொடுக்கிறது. ரயில் நிலைய அறிவிப்பு ஒன்று: முதல் நடைமேடைக்கு வர வேண்டிய வண்டி மூன்றாம் நடைமேடைக்கு மாற்றப்பட்டிருக்கிறது. 'ஒன்று', 'மூன்று', 'நான்கு', 'ஆறு' என்று நான்கு விடை கொடுத்தால், காதில் விழுந்த ஒன்றையோ மூன்றையோ வட்டமிட்டுப் பாதிப் பேர் தப்பித்துவிடலாம். 'இந்த அறிவிப்பைக் கேட்டதும் பயணி என்ன செய்ய வேண்டும், ஏன்?' என்று தமிழில் எழுதச் சொன்னால், வண்டி இடம் மாறியது என்ற செய்தி பிடிபட்டவர் மட்டுமே எழுத முடியும். எழுதுவதற்குப் பதிவு முடிந்ததும் தனியாக நேரம் கொடுத்துவிடுகிறேன். அரசுப் பள்ளிகளின் உயர்தொழில்நுட்ப ஆய்வகத்தில் கணினி வழியாகக் கேட்டல் தேர்வு நடத்திய அனுபவம் எனக்கு மிகக் குறைவு. ஆளுக்கொரு ஹெட்போன் கிடைக்குமானால் ஒலிபெருக்கியின் தொல்லைகள் பல தீரும் என்று தோன்றுகிறது, அதற்குமேல் சொல்ல எனக்கு உரிமையில்லை.

திருத்தும் வேலை கூடுகிறதா? ஒருமதிப்பெண் வினாவோடு ஒப்பிட்டால் கூடுகிறது. ஆங்கிலக் குறுவினாவோடு ஒப்பிட்டால் குறைகிறது. இலக்கணப் பிழைக்கு அரை மதிப்பெண் குறைப்பதா, எழுத்துப்பிழையை விட்டுவிடுவதா என்ற தடுமாற்றமே இல்லை. ஆனால் விடைக்குறிப்பை முன்கூட்டியே எழுதி வைக்க வேண்டும்: எந்தக் கருத்து இருந்தால் இரண்டு, எது விடுபட்டால் ஒன்று. இல்லாவிட்டால் அழகான தமிழ் எழுதியவருக்கு ஒரு மதிப்பெண் கூடிவிடும்.

இந்த முறை எல்லா வகுப்புக்கும் பொருந்தும் என்று சொல்ல மாட்டேன். வீட்டில் தெலுங்கோ உருதோ பேசி, தமிழை இரண்டாம் மொழியாக எழுதும் பிள்ளைகள் அதிகமுள்ள ஊர்களில் ஒரு தடையை எடுத்துவிட்டு இன்னொன்றை வைப்பதாக இது ஆகிவிடலாம். தமிழ் எழுதத் தயங்கும் ஆங்கிலவழி மாணவர்களுக்கும் அப்படித்தான். அவர்களை இரண்டில் எந்த மொழியிலும் எழுத விட்டால் என்ன என்று யோசித்திருக்கிறேன், இன்னும் செய்து பார்க்கவில்லை. மேல்நிலை வகுப்புகளில் பத்தி கடினமாகும்போது இது எப்படி நிற்கும் என்பதிலும் எனக்கு உறுதியில்லை.

பொதுத்தேர்வில் ஆங்கிலத்தில்தானே எழுத வேண்டும் என்று தலைமையாசிரியரும் பெற்றோரும் கேட்பதற்கு, என் வினாத்தாளின் அமைப்பையே விடையாகக் காட்டுகிறேன். வாசித்தலுக்குப் பத்து மதிப்பெண், கேட்டலுக்கு ஐந்து, இரண்டும் தமிழில். அதே பத்தியை வைத்து ஆங்கிலத்தில் சொந்தமாக நான்கைந்து வரி எழுத இன்னொரு ஐந்து. அதில் பத்தியின் வரியைப் பெயர்த்து எழுதினால் மதிப்பெண் கிடையாது. மூன்றையும் கூட்டிவிடாமல் தனித்தனியாகவே மதிப்பெண் பதிவேட்டில் குறிக்கிறேன். பத்தாம் வகுப்பில் அரையாண்டுத் தேர்வுக்குப் பிறகு முழுவதும் ஆங்கில விடைக்கு மாறிவிடுகிறேன். அதற்குள் யாருக்கு வாசிப்பில் குறை, யாருக்கு எழுத்தில் மட்டும் குறை என்பது பதிவேட்டில் இருக்கும். மாலை நேரச் சிறப்பு வகுப்புக்கு அவர்களை இரண்டு குழுவாகப் பிரித்துக்கொள்கிறேன்.