சேலத்தில் எங்கே தங்கலாம்: ஏழு வருடமாகத் தங்கிப் பார்த்த அனுபவம்

2018 மே மாதம் நானும் கணவரும் ஏற்காடு போகக் கிளம்பினோம். கோடை விழா நேரம் என்பதால் மலைமேல் ஓர் அறைகூடக் கிடைக்கவில்லை. சரி, கீழே தங்கிக்கொண்டு பகலில் மேலே போய்வரலாம் என்று சேலத்தில் அறை எடுத்தோம். அன்று ஏற்காட்டுக்காக வந்தவர்கள், அப்புறம் சேலத்துக்காகவே வர ஆரம்பித்துவிட்டோம். வருடத்துக்கு இரண்டு மூன்று தடவை, வெள்ளி இரவு சென்னையில் ரயில் ஏறி ஞாயிறு இரவு திரும்புவோம். ஊரடங்குக் காலத்தில் மட்டும்தான் வரவில்லை.

முதலில் தங்கியது மெய்யனூரில், புதிய பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே. லாட்ஜுகள் நெருக்கமாக இருக்கும், எந்த நேரத்திலும் பஸ்ஸும் டீயும் கிடைக்கும். ஆனால் ரோட்டோர அறை எங்களுக்கு வாய்த்தது. ஆம்னி பஸ் ஹாரன் அடங்கவே இரவு இரண்டு மணியாகிவிட்டது. சத்தத்தைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். அங்கே நடப்பவர்கள் எல்லோரும் வேறு ஊருக்குப் போகிற அவசரத்தில் இருக்கிறார்கள். நின்று பேச, வேடிக்கை பார்க்க அங்கே ஒன்றும் இல்லை.

அடுத்த தடவை மாமியாரும் கூட வந்ததால் ஃபேர்லாண்ட்ஸ் பக்கம் தங்கினோம். அகலமான தெரு, லிஃப்ட், கார் நிறுத்த இடம், எல்லாமே வசதி. பெரியவர்களோடு வருபவர்களுக்கு இன்றும் அதைத்தான் சொல்வேன். ரயில்வே ஜங்ஷன் பக்கம் சூரமங்கலத்தில் தங்கியது ஒரே தடவை. சென்னையிலிருந்து வரும் ஏற்காடு எக்ஸ்பிரஸ் ரயில் விடிவதற்கு முன்பே இறக்கிவிட்டுவிடும், அந்த நேரத்தில் அறை பக்கத்தில் இருந்தது நிம்மதி. காலையில் உழவர் சந்தையும் நன்றாக இருந்தது. ராத்திரி ஒன்பதுக்கு மேல் தெருவில் நடக்க ஆளில்லை.

2019-இல்தான் பழைய பஸ் ஸ்டாண்ட் பக்கம் வந்தோம். அப்போது பஸ் ஸ்டாண்டை இடித்துப் போட்டிருந்தார்கள், ஒரே தூசி. 2023-இல் ஈரடுக்கு பஸ் நிலையமாகத் திறந்த பிறகுதான் அந்தச் சுற்றுவட்டாரம் மூச்சுவிட்டது. ஆனாலும் அந்தத் தூசியிலேயே எங்களுக்கு இடம் பிடித்துவிட்டது. காரணம், அங்கே எதற்கும் ஆட்டோ தேவைப்படவில்லை. கோட்டை மாரியம்மன் கோயில், சுகவனேஸ்வரர் கோயில், துணிக்கடைகள் நிறைந்த முதல் அக்ரஹாரம், சின்னக் கடைவீதி எல்லாம் நடந்து போகும் தூரம்தான்.

விடியற்காலை ஐந்து மணிக்கு வ.உ.சி. பூ மார்க்கெட்டுக்குப் போய்ப் பாருங்கள். பனமரத்துப்பட்டிப் பக்கத்து அரளி மூட்டை மூட்டையாக இறங்கும், சன்னமல்லி வாசம் தெருவுக்கே வரும். முதல் நாள் நான் கேமராவோடு வழியில் நின்றுவிட்டேன். ஒரு பூக்கார அம்மா, "ஓரமா நில்லு கண்ணு, மூட்டை வருது" என்று கையைப் பிடித்து இழுத்து, தன் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார். அதன்பிறகு எப்போது போனாலும் அவரிடம்தான் பூ வாங்குகிறேன்.

மாலையில் தட்டுவடை செட். சென்னையில் இப்போது இதே பெயரில் என்னென்னவோ விற்கிறார்கள், அதை வைத்து முடிவு செய்துவிடாதீர்கள். உள்ளங்கையில் அடங்கும் இரண்டு தட்டுவடை. நடுவில் துருவிய பீட்ரூட், கேரட், வெங்காயம், மேலே ஒரு பச்சைச் சட்னி, ஒரு சிவப்புச் சட்னி. கொடுத்த உடனே வாயில் போட வேண்டும், பேசிக்கொண்டு நின்றால் நமுத்துவிடும். "காரம் தூக்கலா போடட்டுங்களாக்கா?" என்று கேட்கும்போது முதல் தடவை வேண்டாம் என்றே சொல்லுங்கள். அப்புறம் நொறுக்கல், தட்டுவடையை உடைத்துக் கலந்து தருவது. தள்ளுவண்டியைச் சுற்றி வேலை முடிந்த கடைப் பெண்கள், டியூஷன் முடிந்த பிள்ளைகள், குடும்பம் குடும்பமாக நிற்பார்கள். கணவர் வர முடியாத இரண்டு பயணங்களில் நான் தனியாகவே ஒன்பதரை மணி வரை அங்கே நடந்திருக்கிறேன். வெளிச்சமும் ஆட்களும் இருக்கிற தெருவில் தங்குவது எனக்கு இதற்காகவே முக்கியம்.

செவ்வாய்ப்பேட்டைக்கும் நடந்தே போய்விடலாம். லீ பஜாரில் மளிகை மூட்டைகள் ஏறி இறங்குவதையும், வெள்ளிப் பட்டறைகளில் கொலுசு உருவாவதையும் பார்க்கலாம். ஏப்ரல் முதல் ஜூன் வரை வந்தால் மாம்பழக் காலம். மல்கோவாவும் இமாம்பசந்தும் எல்லோருக்கும் தெரியும், நடுச்சாலை என்ற ரகம் கிடைத்தால் விடாதீர்கள்.

குறைகளும் உண்டு. அறைகள் பழையவை, ஃபேர்லாண்ட்ஸ் சுத்தத்தை எதிர்பார்க்கக் கூடாது. சில இடங்களில் வெந்நீர் காலையில் மட்டும்தான். காரில் வந்தால் நிறுத்த இடம் தேடியே பாதி நாள் போய்விடும். நான் இப்போதெல்லாம் போனில் மூன்று கேள்வி கேட்டுவிடுகிறேன்: அறை தெருப்பக்கமா பின்பக்கமா, லிஃப்ட் வேலை செய்கிறதா, வெந்நீர் எத்தனை மணிக்கு. பின்பக்கம், இரண்டாம் மாடிக்கு மேல் என்றால் தூக்கம் நிச்சயம்.

ஆடி மாதம் தனிக் கதை. 2022-இல் கோட்டை மாரியம்மன் பண்டிகை என்பதை யோசிக்காமல் வந்து இறங்கிவிட்டோம். நாலு லாட்ஜ் ஏறி இறங்கியும் அறை இல்லை, தெருக்களை அடைத்திருந்ததால் பையைத் தூக்கிக்கொண்டு வெகுதூரம் நடந்தோம். ஆனால் அன்று குகை என்ற பகுதியில் பார்த்த வண்டி வேடிக்கையை மறக்கவே முடியாது. சாமி வேடம் போட்டவர்கள் அலங்கார வண்டிகளில் வரிசையாக வர, தெருவே விழித்துக்கொண்டிருந்தது. இப்போது ஒரு மாதம் முன்பே அறை சொல்லிவைத்துவிட்டு ஆடியில்தான் வருகிறோம். ஒலிபெருக்கி விடியும் முன்பே பாட ஆரம்பிக்கும், அதற்குத் தயாராக வாருங்கள்.

ஏற்காடும் பார்க்க வேண்டும் என்றால் பகலில் போய்வாருங்கள். பஸ் அஸ்தம்பட்டி வழியாகத்தான் மலைக்குப் போகும், இருபது கொண்டை ஊசி வளைவு. மாலைக்குள் இறங்கிவிட்டால் தட்டுவடை செட்டுக்குச் சரியாக இருக்கும்.

ரயிலில் வருபவர்களுக்கு ஒரு விஷயம். பழைய பஸ் ஸ்டாண்ட் பக்கம் தங்குவதாக இருந்தால் ஜங்ஷனுக்குப் போக வேண்டியதில்லை. சென்னை எழும்பூரிலிருந்து விருத்தாசலம் வழியாக வரும் சேலம் எக்ஸ்பிரஸ், சேலம் டவுன் ஸ்டேஷனில் நிற்கும். அங்கே இறங்கி நடந்தால், பூ மார்க்கெட்டைத் தாண்டித்தான் அறைக்கே போவீர்கள்.